மின் கார்களில் மீள்பிறப்பாக்கத் தடுப்பு: சக்திக்குப் போக இடம் வேண்டும்

விஞ்ஞானம் – பௌதிகவியற் பகுதி
தொடர்புடைய பாட அலகுகள்: வேலை, சக்தி, வலு / நியூற்றனின் விதிகள் / மின்காந்தத் தூண்டல் / வெப்பம்



மின்காந்தத் தூண்டல், சக்திக் காப்பு ஆகிய பாடங்களை நீங்கள் தனித்தனியே கற்றிருப்பீர்கள். பரீட்சையில் அதிக புள்ளி இழக்கப்படுவது இவை இரண்டையும் இணைத்துக் கேட்கும் வினாக்களிலேயே ஆகும். இப்பாடத்தில் இரண்டையும் ஒரே பொருளில் வைத்துப் பார்ப்போம். அப்பொருள் மின் கார். 2010 இல் விற்பனைக்கு வந்த நிசான் லீஃப் போன்ற கார்கள் பல ஆண்டுகளாக நம் நாட்டு வீதிகளில் ஓடுகின்றன. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர் புதிய மின் கார்களும் வந்து சேர்ந்துள்ளன. உங்களுள் சிலர் அவற்றில் பயணம் செய்தும் இருக்கலாம்.

அவ்வாறு பயணித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். சாரதி தடுப்பு மிதியை, அதாவது பிறேக்கை, தொடவே மாட்டார். ஆர்முடுக்கி மிதியிலிருந்து காலை எடுத்தவுடனேயே கார் யாரோ பின்னால் நின்று இழுத்தாற்போல் வேகம் குறையும். ஆனால் அதே கார் வேறொரு நாளில், வேறோர் இடத்தில், கால் எடுத்த பின்னரும் தடையின்றி உருண்டு செல்லும். ஒரே கார், ஒரே சாரதி, ஒரே மிதி. உணர்வு மட்டும் ஏன் மாறுகின்றது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கமாகும். மலையிறக்கத்தில் உயிர்ப் பாதுகாப்பும் இவ்விடையில் தங்கியுள்ளதைப் பின்னர் காண்பீர்கள்.

1. முதலில் ஒரு செயற்பாடு

தேவையான பொருள்கள்: தைனமோவும் மின்குமிழும் பூட்டிய துவிச்சக்கர வண்டி, மணிக்கூடு.

படி 1: வண்டியை நிறுத்தியில் ஏற்றி, தைனமோ பூட்டிய சில்லு நிலத்தில் முட்டாதவாறு வைக்குக. தைனமோவை ரயருடன் அழுத்தி வைக்குக. மின்குமிழுக்குச் செல்லும் கம்பியைக் கழற்றி விடுக.
படி 2: சில்லை வேகமாகச் சுழற்றிக் கையை விடுக. சில்லு நிற்பதற்கு எத்தனை செக்கன் எடுக்கின்றது எனக் குறித்துக்கொள்க.
படி 3: கம்பியை மீண்டும் இணைத்து, இயன்றவரை அதே வேகத்திற் சுழற்றி விடுக. மின்குமிழ் ஒளிரும். நிற்பதற்கு எடுக்கும் நேரத்தை மறுபடியும் குறித்துக்கொள்க.

அவதானம்: கம்பி இணைத்திருக்கும்போது சில்லு விரைவாக நிற்கின்றது.

இரு தடவைகளிலும் தைனமோ ரயருடன் உராய்ந்தது. அச்சிலுள்ள உராய்விலும் மாற்றமில்லை. எனவே நேர வித்தியாசத்துக்கு உராய்வு காரணமன்று. இரண்டாம் தடவை சுற்று பூர்த்தியாகி மின்னோட்டம் பாய்ந்தது. அந்த மின்னோட்டமே சில்லைத் தடுத்தது.

முடிவு: பிறப்பாக்கி ஒன்று சுழல்வதால் மட்டும் மின்தடுப்பு உண்டாகாது. அதிலிருந்து மின்னோட்டம் பெறப்படும்போதே தடுப்பு உண்டாகும்.

இம்முடிவை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாடம் முழுவதும் இதன்மேலேயே நிற்கின்றது.

2. இதன் பின்னாலுள்ள விதிகள்

1831 இல் மைக்கல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். கடத்திச் சுருளொன்றினூடாகச் செல்லும் காந்தப்பாயம் மாறும்போது அதில் மின்னியக்க விசை தூண்டப்படும். மாற்றம் விரைவாக நிகழ்ந்தால் தூண்டிய மின்னியக்க விசையும் அதிகமாகும். 1834 இல் லென்சு என்பவர் அதன் திசை பற்றிய விதியை வெளியிட்டார். தூண்டிய மின்னோட்டம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தை எதிர்க்கும் திசையிலேயே பாயும் என்பதே அவ்விதி.

இவ்விதி சக்திக் காப்பின் விளைவேயாகும். தூண்டிய மின்னோட்டம் எதிர்க்காமல் உதவி செய்யுமாயின், தைனமோவை ஒரு தடவை சுழற்றி விட்டாற் போதும். அது தானே மேன்மேலும் வேகமாகச் சுழன்று இலவசமாக மின்னைத் தந்துகொண்டே இருக்கும். சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்பதால் இது நிகழாது. பெறும் மின்சக்திக்கு உரிய விலையை இயக்கசக்தி செலுத்தியே ஆகவேண்டும்.

3. காரில் நிகழ்வது என்ன?

மின் மோட்டரும் மின் பிறப்பாக்கியும் அமைப்பில் ஒன்றே. மின்சக்தியை வழங்கினால் அது மோட்டர். சுழற்றி மின்சக்தியைப் பெற்றால் அது பிறப்பாக்கி. மின் காரில் இவ்விரு வேலைகளையும் ஒரே இயந்திரம் செய்கின்றது.

ஆர்முடுக்கியை மிதிக்கும்போது:
பற்றரியின் இரசாயனச் சக்தி → மின்சக்தி → காரின் இயக்கசக்தி

மிதியிலிருந்து காலை எடுக்கும்போது:
காரின் இயக்கசக்தி → மின்சக்தி → பற்றரியின் இரசாயனச் சக்தி

இரண்டாவது நிகழ்வில் சில்லுகள் மோட்டரைச் சுழற்றுகின்றன. மோட்டர் பிறப்பாக்கியாகித் தரும் ஆடலோட்ட மின்னை, இலத்திரனியற் கட்டுப்பாட்டகம் நேரோட்ட மின்னாக மாற்றிப் பற்றரிக்கு அனுப்புகின்றது. அம்மின்னோட்டத்தால் மோட்டரின் சுழற்சி எதிர்க்கப்பட, காரின் கதி குறைகின்றது. இவ்வாறு கதியைக் குறைக்கும்போதே சக்தியை மீளப் பெறும் முறை மீள்பிறப்பாக்கத் தடுப்பு எனப்படும்.

சாதாரண உராய்வுத் தடுப்பில், தடுப்புக் கட்டைகள் சில்லுடன் சுழலும் இரும்புத் தட்டை நெரித்துப் பிடிக்கின்றன. அங்கு இயக்கசக்தி முழுவதும் வெப்பமாக மாறி வளியிற் கலந்து விடும். அதனை மீளப் பெற முடியாது.

கவனிக்க: எல்லா மின் கார்களிலும் உராய்வுத் தடுப்பும் உண்டு. மீள்பிறப்பாக்கத் தடுப்பு அதற்குத் துணையே அன்றி மாற்றீடு அன்று.

4. பயணிக்கு ஏற்படும் உணர்வு

கார் அமர்முடுகும்போது உங்கள் உடல் முன்னைய வேகத்திலேயே தொடர்ந்து செல்ல முயலும். நியூற்றனின் முதலாம் விதி கூறும் சடத்துவம் இதுவே. ஆகவே முன்னோக்கித் தள்ளப்பட்டதாக உணர்கிறீர்கள். பெற்றோல் காரிலும் கால் எடுத்தவுடன் எஞ்சினால் சிறு தடுப்பு உண்டாகும். மின் காரில் அது பன்மடங்கு பலமாக இருக்கலாம். பழக்கமற்ற சாரதி காலைத் திடீரெனத் தூக்கி, மீண்டும் மிதித்து, மீண்டும் தூக்கினால் பின் இருக்கையில் இருப்பவருக்குத் தலைசுற்றும். பழகிய சாரதி மிதியை மெல்ல மெல்லத் தளர்த்துவார்.

இத்தடுப்பு எவ்வளவு பலமாக இருக்கவேண்டும் என்பதை உற்பத்தியாளர்கள் வெவ்வேறு விதமாகத் தீர்மானித்துள்ளனர்.

(அ) 2013 இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ ஐ3 காரில், கால் எடுத்தவுடன் பலமான தடுப்பு உண்டாகும். நகரப் பயணத்தின் பெரும்பகுதியை ஒரே மிதியாற் சமாளிக்கலாம்.
(ஆ) போக்ஸ்வாகன் ஐடி.4 காரில், சாதாரண 'டி' நிலையில் கால் எடுத்தால் கார் பெரும்பாலும் தடையின்றி உருளும். 'பி' நிலைக்கு மாற்றினால் தடுப்பு கூடும்.
(இ) ஹியுண்டாய் கோனா மின் காரில், ஸ்டியரிங்கின் பின்புறமுள்ள சிறு நெம்புகளால் தடுப்பின் அளவைப் படிப்படியாகக் கூட்டவும் குறைக்கவும் முடியும்.
(ஈ) 2017 இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை லீஃப் காரில் 'இ-பெடல்' என்னும் ஆளியை இட்டால், கால் எடுத்ததும் கார் முற்றாக நிற்கும்வரை தடுக்கப்படும்.

இவை அனைத்திலும் பௌதிகம் ஒன்றே. பிறப்பாக்கியிலிருந்து எவ்வளவு மின்னோட்டத்தை எடுப்பது என்பதையே கட்டுப்பாட்டகம் மாற்றுகின்றது. மின்னோட்டம் கூடினால் தடுப்பு விசையும் கூடும்.

பின்னால் வரும் வாகனத்தின் பாதுகாப்பும் இங்கு கருதப்படுகின்றது. ஐக்கிய நாடுகள் வாகன ஒழுங்குவிதி 13-எச் இன்படி, மீள்பிறப்பாக்கத் தடுப்பால் மட்டும் உண்டாகும் அமர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 1.3 மீற்றரை விஞ்சினால் தடுப்பு மிதியைத் தொடாவிட்டாலும் பின்புறச் சிவப்பு விளக்கு ஒளிர வேண்டும்.

5. தடுப்பு ஏன் மாறுபடுகின்றது?

சாரதி எதனையும் மாற்றாதபோதும் தடுப்பு மாறுபடுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

காரணம் 1: காரின் கதி

வலு என்பது வேலை செய்யப்படும் வீதமாகும்.
வலு = (விசை × தூரம்) ÷ நேரம் = விசை × கதி

பற்றரி ஏற்கக்கூடிய உயர் வலுவுக்கு ஓர் எல்லை உண்டு. வலு மாறாதிருக்கும்போது கதி கூடினால் விசை குறைய வேண்டும்.

உதாரணம் 1: 1600 கிலோகிராம் திணிவுடைய காரொன்றின் பற்றரி உச்சமாக 32 கிலோவாற்று வலுவை ஏற்கும் எனக் கொள்க. விரயமாகும் சக்தியைப் புறக்கணிக்க.

கதி செக்கனுக்கு 20 மீற்றர் ஆயின்,
தடுப்பு விசை = 32,000 ÷ 20 = 1600 நியூற்றன்
அமர்முடுகல் = 1600 ÷ 1600 = செக்கன் வர்க்கத்துக்கு 1 மீற்றர்

கதி செக்கனுக்கு 10 மீற்றர் ஆயின்,
தடுப்பு விசை = 32,000 ÷ 10 = 3200 நியூற்றன்
அமர்முடுகல் = 3200 ÷ 1600 = செக்கன் வர்க்கத்துக்கு 2 மீற்றர்

நெடுஞ்சாலையில் மென்மையாக உணரப்படும் தடுப்பு, நகர வீதியில் இறுக்கமாக உணரப்படுவது இதனாலேயே. ஆனால் கதி மேலும் குறையக் குறைய விசை எல்லையின்றிக் கூடுவதில்லை. மோட்டரின் உச்ச விசைக்கும் பயணிகளின் வசதிக்கும் ஏற்ப அது மட்டுப்படுத்தப்படும். ஊர்ந்து செல்லும் நிலையிலோ, தூண்டிய மின்னியக்க விசை மிகச் சிறிதாகி, மீளப் பெறக்கூடிய சக்தியும் அற்பமாகி விடும். பல கார்களில் கடைசிச் சில மீற்றர்களில் உராய்வுத் தடுப்பே காரை நிறுத்துகின்றது.

காரணம் 2: பற்றரி நிரம்பியுள்ள அளவு

நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்ற முடியாது. முழுதாக மின்னேற்றிய லிதியம் அயன் பற்றரிக்குள் மேலும் மின்னைச் செலுத்தினால் அதன் வோல்ற்றளவு பாதுகாப்பு எல்லையைத் தாண்டும், பற்றரி பழுதடையும். ஆகவே கட்டுப்பாட்டகம் மின்னோட்டத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும். மின்னோட்டம் இல்லையேல் தடுப்பும் இல்லை. செயற்பாட்டின் படி 2 ஐ நினைவுகூருங்கள். நிரம்பிய பற்றரியுடன் ஓடும் கார், கம்பி கழற்றிய தைனமோவைப் போன்றது.

காரணம் 3: பற்றரியின் வெப்பநிலை

குளிர்ந்த பற்றரியில் இரசாயனத் தாக்கங்கள் மெதுவாகவே நிகழும். அந்நிலையில் விரைவாக மின்னேற்றினால் லிதியம் அயன்கள் மின்வாயினுள் நுழையாமல் அதன் மேற்பரப்பில் லிதியம் உலோகமாகப் படியக்கூடும். இது பற்றரிக்குத் தீங்கானது. எனவே குளிரில் மீள்பிறப்பாக்கம் மட்டுப்படுத்தப்படும். உறைபனி நாடுகளில், காலையிற் கார் புறப்படும்போது தடுப்பு குறைவாக இருந்து, பற்றரி சூடேறிய பின்னர் மெல்ல வழமைக்குத் திரும்புவதைச் சாரதிகள் உணர்வர். பற்றரி அளவுக்கு மீறிச் சூடாகும்போதும் இவ்வாறே மட்டுப்படுத்தப்படும்.

காரணம் 4: வீதியின் மேற்பரப்பு

மீள்பிறப்பாக்கத் தடுப்பு மோட்டருடன் இணைந்த சில்லுகளில் மட்டுமே தொழிற்படும். லீஃப் காரில் அவை முன் சில்லுகள். ஈரமான அல்லது மணல் படிந்த வீதியில் அச்சில்லுகள் வழுக்கத் தொடங்கினால், கட்டுப்பாட்டகம் மீள்பிறப்பாக்கத்தை உடனே குறைத்து, நான்கு சில்லுகளிலும் உள்ள உராய்வுத் தடுப்புக்கு வேலையைக் கையளிக்கும். அக்கணத்தில் சாரதிக்குக் கார் ஒரு நொடி விடுபட்டாற்போல் தோன்றும்.

6. மலையிறக்கம்: கணித்துப் பார்ப்போம்

மலைநாட்டு வீதிகளை அறிந்த மாணவர்கள் இப்பகுதியை ஊன்றிப் படிக்க.

உதாரணம் 2: 1600 கிலோகிராம் திணிவுடைய மின் காரொன்று 10 கிலோமீற்றர் நீளமான மலை வீதியில் 600 மீற்றர் நிலைக்குத்து உயரம் இறங்குகின்றது. அது செக்கனுக்கு 10 மீற்றர் என்னும் சீரான கதியிற் செல்கின்றது. வளித்தடை, ரயரின் தடை ஆகியவற்றின் மொத்தம் 240 நியூற்றன். புவியீர்ப்பு ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 10 மீற்றர்.

(i) இழக்கப்படும் ஈர்ப்பு அழுத்தசக்தி
= திணிவு × ஈர்ப்பு ஆர்முடுகல் × உயரம்
= 1600 × 10 × 600 = 9,600,000 யூல்

(ii) தடைகளுக்கு எதிராகச் செய்யப்படும் வேலை
= 240 × 10,000 = 2,400,000 யூல்

(iii) தடுப்பு அகற்ற வேண்டிய சக்தி
= 9,600,000 − 2,400,000 = 7,200,000 யூல்

கதி மாறாததால் இயக்கசக்தியும் மாறவில்லை என்பதைக் கவனிக்க.

(iv) இறங்க எடுக்கும் நேரம் = 10,000 ÷ 10 = 1000 செக்கன்
தடுப்பு வலு = 7,200,000 ÷ 1000 = 7200 வாற்று = 7.2 கிலோவாற்று

1 கிலோவாற்று மணித்தியாலம், அதாவது மின் பட்டியலில் வரும் 1 அலகு, 3,600,000 யூலுக்குச் சமன். எனவே அகற்ற வேண்டிய சக்தி 2 அலகாகும். அதில் 60 சதவீதம் பற்றரியைச் சேருமாயின் 1.2 அலகு மீளக் கிடைக்கும். முதலாம் தலைமுறை லீஃப் காரின் பற்றரிக் கொள்ளளவு 24 அலகு. ஆகவே இந்த ஓர் இறக்கத்திலேயே பற்றரியின் 5 சதவீதம் நிரம்பும். உதாரணம் 1 இல் எடுத்த 32 கிலோவாற்றுடன் ஒப்பிடுகையில் 7.2 கிலோவாற்று மிகக் குறைவு. இடமுள்ள பற்றரி இதனை இலகுவாக ஏற்கும்.

இப்போது அதே காரை வேறொரு விதத்திற் கற்பனை செய்க. மலை உச்சியிலுள்ள வீட்டில் இரவு முழுவதும் மின்னேற்றி, காலையில் 100 சதவீதம் நிரம்பிய பற்றரியுடன் இறங்கத் தொடங்குகின்றது. அந்த 7,200,000 யூலுக்குப் பற்றரியில் இடமில்லை. ஆனால் சக்தியை அழிக்க முடியாதே. அது எங்கே போகும்? உராய்வுத் தடுப்பின் இரும்புத் தட்டுகளுக்கே போகும்.

ஒவ்வொன்றும் 6 கிலோகிராம் உள்ள நான்கு தட்டுகள் எனக் கொள்வோம். மொத்தத் திணிவு 24 கிலோகிராம். இரும்பின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்குப் பாகை செல்சியசுக்கு 460 யூல்.

வெப்பநிலை உயர்வு = 7,200,000 ÷ (24 × 460) = ஏறத்தாழ 650 பாகை செல்சியசு

உண்மையில் வீசும் காற்று வெப்பத்தை எடுத்துச் செல்வதால் வெப்பநிலை இவ்வளவுக்கு உயராது. எனினும் மலையிறக்கத்தில் தடுப்பை ஓயாது மிதித்தால் எரிந்த மணம் எழுவதும், தடுப்பின் பிடி தளர்வதும் ஏன் என்பதை இக்கணிப்பு காட்டுகின்றது. பெற்றோல், டீசல் வாகனங்கள் இறக்கத்திற் சிறிய கியரில் செல்ல வேண்டும் என்பதும் இக்காரணத்தாலேயே. அங்கு எஞ்சின் சக்தியின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கின்றது.

ஆபத்து வெப்பத்தில் மட்டும் இல்லை, பழக்கத்திலும் உண்டு. கால் எடுத்தாற் கார் மெதுவாகும் என்று மாதக் கணக்கிற் பழகிய சாரதி, முதல் வளைவை நெருங்கும்போது காலை எடுக்கிறார். பற்றரி நிரம்பியுள்ளது, கார் மெதுவாகவில்லை. வளைவு நெருங்குகின்றது. தடுப்பு மிதியை மிதித்தாற் கார் வழமைபோலத் தடுக்கப்படும். ஆனால் கால் அம்மிதிக்கு மாறும் வரை கார் முன்னேறிக்கொண்டே இருக்கும். செக்கனுக்கு 10 மீற்றர் கதியில் ஒரு செக்கன் தயங்கினால் 10 மீற்றர் போய்விடும். மலை வளைவில் அது பெரிய தூரம்.

இதனைத் தவிர்க்கும் வழிகள் எளியவை.
• உச்சியிலிருந்து இறங்கவுள்ள நாளில் பற்றரியை முழுதாக நிரப்பாது 80 அல்லது 90 சதவீதத்தில் நிறுத்துதல்.
• மீள்பிறப்பாக்கம் மட்டுப்பட்டுள்ளதா எனக் கருவிப் பலகையைப் பார்த்துக்கொள்ளல். பல கார்கள் இதனைக் காட்டும்.
• வளைவுக்கு முன்னரே கதியைக் குறைத்து, கால் தடுப்பு மிதிக்கு மாறத் தயாராக இருத்தல்.

சில புதிய கார்களில் மீள்பிறப்பாக்கம் குறையும்போது உராய்வுத் தடுப்பு தானாகவே குறையை நிரப்பும். எல்லாக் கார்களும் அவ்வாறு செய்யும் என எண்ணலாகாது.

7. ஹைபிரிட் காரும் மின் புகையிரதமும்

நம் நாட்டில் அதிகம் காணப்படும் ரொயோட்டா பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களிலும் மீள்பிறப்பாக்கத் தடுப்பு உண்டு. ஆனால் மூன்றாம் தலைமுறை பிரியஸ் காரின் பற்றரிக் கொள்ளளவு ஏறத்தாழ 1.3 அலகு மட்டுமே. அதிலும் ஒரு பகுதியே பயன்படுத்தப்படும். உதாரணம் 2 இல் கிடைத்த 1.2 அலகுடன் இதனை ஒப்பிடுக. நீண்ட இறக்கத்தின் நடுவழியிலேயே பற்றரி நிரம்பிவிடும். அவ்வாறான இறக்கங்களுக்காகவே அக்காரில் 'பி' நிலை அமைக்கப்பட்டுள்ளது. அந்நிலையில் எஞ்சின் சுழற்றப்பட்டுச் சக்தி செலவாகும். அப்போது கேட்கும் எஞ்சின் இரைச்சல் பழுதின் அடையாளமன்று. சக்தி வேறு வழியால் வெளியேறும் ஓசை அது.

இதற்கு மறுதலையான உதாரணம் சுவீடனின் கிறூனாவிலிருந்து நோர்வேயின் நார்விக் துறைமுகத்துக்கு இரும்புத்தாது ஏற்றிச் செல்லும் மின் புகையிரதம். பாரத்துடன் இறங்கும் புகையிரதம் பிறப்பிக்கும் மின், மேலே செல்லும் கம்பி வழியாக வலையமைப்பைச் சேர்ந்து, வெறுமையாக ஏறிவரும் புகையிரதங்களுக்குப் பயன்படுகின்றது. அங்கு சக்தியை ஏற்க இன்னொரு புகையிரதம் காத்திருக்கின்றது.

8. மாணவர்கள் வழமையாக விடும் பிழைகள்

(அ) "மீள்பிறப்பாக்கத்தால் சக்தி முழுவதும் திரும்பக் கிடைக்கும்" என எழுதுதல். இது தவறு. மோட்டர், கட்டுப்பாட்டகம், பற்றரி ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு பகுதி வெப்பமாக விரயமாகும்.
(ஆ) "பற்றரி நிரம்பியதும் மின்னியக்க விசை தூண்டப்படாது" என எழுதுதல். காந்தப்பாயம் மாறும்வரை மின்னியக்க விசை தூண்டப்படும். பற்றரிக்குச் செல்லும் மின்னோட்டமே இல்லாது போகும்.
(இ) "அவசர நிறுத்தத்துக்கும் மீள்பிறப்பாக்கம் போதும்" என எழுதுதல். செக்கனுக்கு 20 மீற்றர் கதியிற் செல்லும் காரின் அமர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 2 மீற்றர் ஆயின், நிற்க 10 செக்கனும் 100 மீற்றரும் தேவை. உராய்வுத் தடுப்பால் 8 மீற்றர் அமர்முடுகல் கிடைப்பின் 2.5 செக்கனும் 25 மீற்றரும் போதும். வேக – நேர வரைபின் கீழான பரப்பைக் கொண்டு இதனைச் சரிபார்க்க.

9. பயிற்சி வினாக்கள்

1. காரொன்றின் கதி அரைவாசியாகக் குறையும்போது அதன் இயக்கசக்தி
(1) மாறாது (2) அரைவாசியாகும் (3) கால்வாசியாகும் (4) இரு மடங்காகும்

2. பற்றரி முழுதாக நிரம்பியுள்ளபோது மீள்பிறப்பாக்கத் தடுப்பு குறைவதற்கான காரணம்
(1) மோட்டரின் காந்தம் வலுவிழத்தல்
(2) பற்றரிக்குப் பாயும் மின்னோட்டம் மட்டுப்படுத்தப்படல்
(3) சில்லுகளின் உராய்வு குறைதல்
(4) காரின் திணிவு கூடுதல்

3. சாரதியும் பயணியும் உட்பட 500 கிலோகிராம் திணிவுடைய மின் முச்சக்கர வண்டியொன்று செக்கனுக்கு 10 மீற்றர் கதியிற் செல்கின்றது.
(அ) அதன் இயக்கசக்தி யாது?
(ஆ) அதனை நிறுத்தும்போது இயக்கசக்தியின் 40 சதவீதம் பற்றரியைச் சேருமாயின், மீளப் பெற்ற சக்தி எவ்வளவு?
(இ) எஞ்சிய சக்திக்கு யாது நிகழ்ந்தது?
(ஈ) கால் எடுத்ததும் தடுப்பு பலமாக இருப்பதற்கும் வண்டி தடையின்றி உருள்வதற்கும் ஏதுவாகும் இரு வேறு பற்றரி நிலைமைகளைக் குறிப்பிட்டு விளக்குக.

விடைகள்

1. (3). இயக்கசக்தி கதியின் வர்க்கத்துக்கு நேர்விகித சமம்.
2. (2).
3. (அ) ½ × 500 × 10 × 10 = 25,000 யூல்
(ஆ) 25,000 × 40 ÷ 100 = 10,000 யூல்
(இ) 15,000 யூல் சக்தி உராய்வுத் தடுப்பு, மோட்டர், கம்பிகள், பற்றரி, வளி ஆகியவற்றில் பெரும்பாலும் வெப்பமாக மாறியது.
(ஈ) பற்றரியில் இடமிருந்து, அதன் வெப்பநிலையும் உகந்ததாயின் அதிக மின்னோட்டம் பாயும். தடுப்பு பலமாக இருக்கும். பற்றரி நிரம்பி அல்லது மிகக் குளிர்ந்து இருப்பின் மின்னோட்டம் மட்டுப்படும், வண்டி உருளும். 'மின்னோட்டம்' என்னும் சொல் இடம்பெறாத விடை முழுமையற்றதாகும்.

நினைவிற் கொள்க

தடுப்பது என்பது சக்தியை எடுப்பது. எடுத்த சக்திக்குப் போக ஓரிடம் வேண்டும். பற்றரியில் இடமிருந்தால் அது நாளைய பயணத்துக்கு உதவும். இல்லையேல் இரும்பைச் சுடவைக்கும். அடுத்த முறை மின் காரொன்றில் ஏறினால், கருவிப் பலகையையும் சாரதியின் பாதத்தையும் ஒருங்கே அவதானியுங்கள். அந்தச் சாரதி உங்கள் வீட்டவராயின், மலை இறங்கும் நாளில் பற்றரியை முழுதாக நிரப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் கணித்தும் காட்டுங்கள்.